முகம் நசுங்காமல் படத்தை வெட்டுவதும் அளவு மாற்றுவதும்: முழுமையான வழிகாட்டி

புதிதாகப் படம் திருத்தக் கற்றுக்கொள்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சதுரப் படம் வேண்டும் என்றதும் அளவு மாற்றும் பெட்டியைத் திறந்து, அகலம் 1000, உயரம் 1000 என்று அடித்துவிடுகிறார்கள். ஒன்பது பேர் நிற்கும் குழுப் படம் ஒன்றில் ஒருவர் இப்படிச் செய்ததைப் பார்த்தேன். மூலப்படம் 4000 × 3000 பிக்சல். அகலம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. உயரமோ மூன்றில் ஒரு பங்காகத்தான் சுருங்கியது. பின்சுவரில் மாட்டியிருந்த வட்டக் கடிகாரம் நிமிர்த்தி வைத்த முட்டை மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கடிகாரத்தைக் காட்டிய பிறகுதான், ஒன்பது முகங்களும் ஒடுங்கிப் போயிருப்பது அவர் கண்ணில் பட்டது.

கீழே சொல்லும் எல்லாப் படிகளும் ஒரே விதியிலிருந்து வருகின்றன. படத்தின் வடிவம் மாற வேண்டுமென்றால் வெட்டுங்கள். படம் பெரிதாகவோ சிறிதாகவோ வேண்டுமென்றால் அளவை மாற்றுங்கள். இழுத்து வடிவத்தை மாற்றவே கூடாது. வரிசையும் முக்கியம்: நிமிர்த்துவது, வெட்டுவது, அளவு மாற்றுவது, கூர்மையாக்குவது, சேமிப்பது. இதை மாற்றிச் செய்தால் எங்கே அடிபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது மூலக் கோப்பு. கேமராவிலோ போனிலோ எடுத்த அதே கோப்பு. மெசேஜ் செயலி வழியாகப் படமாக வந்தது பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கும். இன்னொருவரிடம் கேட்டு வாங்குவதாக இருந்தால் ‘டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்’ என்று சொல்லுங்கள். வந்ததும் கோப்பின் விவரங்களைத் திறந்து எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 4000 × 3000 இருக்க வேண்டிய இடத்தில் 1600 × 1200 இருந்தால், அது சுருங்கி வந்த படம்.

படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வெட்டுபவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் திரையில் இருக்கும் பிக்சல்கள் மட்டும்தான் கிடைக்கும். 24 மெகாபிக்சல் படத்தை 1920 × 1080 திரையில் பிடித்தால் கையில் மிஞ்சுவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அடுத்து, ஒரு நகல். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். வெட்டிச் சேமித்த ஜேபெக் கோப்பிலிருந்து வெட்டிப்போன பகுதியை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, படம் எங்கே போகப்போகிறது என்ற தகவல். அச்சுக்கு என்றால் எத்தனை அங்குலம், விண்ணப்பத்துக்கு என்றால் எத்தனை பிக்சல், கோப்பு எத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் வெட்டினால் இரண்டாவது முறை வெட்ட வேண்டிவரும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, விகிதத்தைப் பூட்டவும் பிக்சல் எண்ணைத் தட்டச்சு செய்யவும் வசதி இருந்தால் போதும். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் இரண்டையும் செய்யும். போனில் உள்ள கேலரி செயலிகள் பலவற்றில் விகிதம் இருக்கும், எண்ணை அடிக்கும் இடம் இருக்காது. வெட்டுவதை அங்கே முடித்துவிட்டு, அளவு மாற்றுவதை வேறிடத்தில் செய்யலாம்.

2. விகிதத்தைக் கணக்குப் போடுங்கள்

அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவதுதான் விகிதம். 4000 ÷ 3000 என்றால் 1.33, இதைத்தான் 4:3 என்கிறோம். போன் கேமராக்கள் பெரும்பாலும் இந்த வடிவில் எடுக்கின்றன. 6000 ÷ 4000 என்றால் 1.5, அதாவது 3:2. டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை தரும் வடிவம் இது. 1920 × 1080 திரை 16:9.

அச்சு அளவுகளுக்கும் தனித்தனி விகிதம் உண்டு. 4 × 6 அங்குலம் 3:2 விகிதம். 5 × 7 அங்குலம் 7:5. 8 × 10 அங்குலம் 5:4. ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். அதன் விகிதம் கிட்டத்தட்ட 1.414. இவற்றில் எதுவும் போன் தரும் 4:3 இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘4 × 6 அச்சு எடுத்தேன், தலை வெட்டுப்பட்டுவிட்டது’ என்ற புகார் இங்கேதான் பிறக்கிறது.

வெட்டுவதற்கு முன்பே எவ்வளவு போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 4000 × 3000 படத்தை 3:2 ஆக்கினால் 4000 × 2667 மிஞ்சும். உயரத்தில் 333 வரிசைகள் போகும். அதையே 16:9 ஆக்கினால் 4000 × 2250. படத்தில் கால்வாசி போய்விடும். சதுரமாக்கினாலும் அதே கால்வாசிதான், இந்த முறை பக்கவாட்டில். 6000 × 4000 படத்தை 8 × 10 அங்குலத்துக்காக 5:4 ஆக்கினால் 5000 × 4000 மிஞ்சும், 1000 நெடுவரிசைகள் காலி. ஓரத்தில் நிற்பவர் அந்த ஆயிரத்துக்குள் நிற்கிறாரா என்று இப்போதே பாருங்கள். நிற்கிறார் என்றால் 5ஆம் படி உங்களுக்கானது.

3. முதலில் நிமிர்த்துங்கள்

அடிவானமோ சுவரோ சாய்ந்திருந்தால், வெட்டுவதற்கு முன் நிமிர்த்திவிடுங்கள். படத்தைச் சில டிகிரி திருப்பும்போது நான்கு மூலைகளிலும் வெற்றிடம் வரும். அதைக் கழிக்க எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும். அழகாக வெட்டி முடித்த பிறகு நிமிர்த்தினால் மறுபடி வெட்ட வேண்டும், பார்த்துப் பார்த்து விட்ட இடமெல்லாம் போய்விடும். நிறைய மென்பொருள்களில் வெட்டும் கருவிக்குள்ளேயே நிமிர்த்தும் வசதி இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் முடிப்பது நல்லது.

போனில் நேராகத் தெரியும் படம் கணினியில் படுத்துக் கிடக்கிறதா? போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும், பல போன்கள் பிக்சல்களைப் படுக்கைவாட்டில் சேமித்துவிட்டு, ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதுகின்றன. அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருளில் படம் படுத்திருக்கும். 90 டிகிரி திருப்பிச் சேமித்துவிட்டு மேலே போங்கள். இல்லாவிட்டால் அகலமும் உயரமும் இடம் மாறி, கணக்கு முழுவதும் குழம்பிவிடும்.

4. விகிதத்தைப் பூட்டிவிட்டு வெட்டுங்கள்

ஜிம்ப்பில் வெட்டும் கருவியை எடுத்ததும் அதன் விருப்பங்களில் ‘ஃபிக்ஸ்ட்’ என்ற கட்டம் தெரியும். அதை டிக் செய்து, பக்கத்துப் பட்டியலில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’வைத் தேர்ந்தெடுத்து 5:4 என்று அடியுங்கள். இப்போது பெட்டியை எந்த மூலையில் பிடித்து இழுத்தாலும் அது 5:4 ஆகவே இருக்கும். ஃபோட்டோஷாப்பில் வெட்டும் கருவியின் மேல்பட்டையில் ‘ரேஷியோ’ என்று இருப்பதுதான் இதற்குச் சமம்.

ஃபோட்டோஷாப்பில் அதே பட்டியலில் அகலம், உயரம், ரெசல்யூஷன் மூன்றையும் சேர்த்துக் கேட்கும் இன்னொரு தேர்வும் உண்டு. அது வெட்டும்போதே அளவையும் மாற்றிவிடும். தெரிந்து பயன்படுத்தினால் வசதிதான். புதியவர்கள் இதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்து, சின்னப் பகுதியை வெட்டி, அது மங்கலாகப் பெருத்து வருவதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். ஆரம்பத்தில் ‘ரேஷியோ’வோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செங்குத்துப் படத்துக்கு 5:4 என்று போட்டால் படுக்கைப் பெட்டிதான் வரும். 4:5 என்று மாற்றிப் போட வேண்டும். சின்ன விஷயம், ஆனால் பலர் இந்த இடத்தில் ‘விகிதம் வேலை செய்யவில்லை’ என்று பூட்டைக் கழற்றிவிட்டுக் கண்மதிப்பில் வெட்டுகிறார்கள். கண்மதிப்பு 5:4 பெரும்பாலும் 1.22 ஆகவோ 1.29 ஆகவோ வந்து நிற்கும். அச்சில் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு விழும்போதுதான் அது தெரியும்.

பெட்டியைப் போட்டதும் உடனே என்டர் தட்டாதீர்கள். பெட்டியின் நடுவைப் பிடித்து மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். எனக்குப் பழக்கமான சில அளவுகோல்கள்: தலைக்கு மேல் கொஞ்சம் காற்று இருக்கட்டும். ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் கூடுதல் இடம் விடுங்கள். உடம்பை வெட்டியே ஆக வேண்டும் என்றால் முழங்கால், மணிக்கட்டு, கழுத்து போன்ற மூட்டு இடங்களில் வெட்டாதீர்கள். பார்க்கும்போது உறுப்பு துண்டானது போல உறுத்தும். தொடையின் நடுவிலோ மார்பளவிலோ வெட்டினால் உறுத்தாது.

ஓரம் விடாத அச்சுக்குப் போகும் படமாக இருந்தால், முக்கியமான எதுவும் விளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது. தாளை வெட்டும்போது ஓரத்தில் கொஞ்சம் போகும். 3 மில்லிமீட்டராவது விட்டுவைப்பது பாதுகாப்பு.

5. வெட்ட இடமில்லாதபோது ஓரம் சேருங்கள்

குழுப் படத்தைச் சதுரமாக்கினால் இரண்டு பேர் காணாமல் போவார்கள் என்றால், வெட்டவே வேண்டாம். 6000 × 4000 படத்தைச் சுற்றியுள்ள தளத்தை 6000 × 6000 ஆக்கி, மேலும் கீழும் 1000 பிக்சல் வெள்ளை ஓரம் விடுங்கள். படம் அப்படியே இருக்கும், கோப்பு மட்டும் சதுரமாகும். ஜிம்ப்பில் ‘இமேஜ்’ மெனுவில் உள்ள ‘கேன்வாஸ் சைஸ்’ இதற்கானது. பக்கத்திலேயே இருக்கும் ‘ஸ்கேல் இமேஜ்’ படத்தையே நீட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கேன்வாஸ் பெட்டியில் அகலத்தையும் உயரத்தையும் இணைக்கும் சங்கிலிக் குறியைக் கழற்றலாம், அங்கே படம் நசுங்காது.

அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் நிரப்பும் வழக்கமும் இருக்கிறது. வெறும் வெள்ளையோ சாம்பலோதான் எனக்குப் பிடிக்கும், முகங்களிலிருந்து கண் சிதறாது.

6. இப்போது அளவை மாற்றுங்கள்

ஜிம்ப்பில் ‘ஸ்கேல் இமேஜ்’, ஃபோட்டோஷாப்பில் ‘இமேஜ் சைஸ்’. பெட்டியில் அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவே ஒரு சங்கிலிக் குறி இருக்கும். அது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு எண்ணை மட்டும் அடியுங்கள். மற்றது தானாக வரும்.

இது எப்படி வருகிறது என்று தெரிந்திருந்தால் சரிபார்க்க உதவும். புதிய அகலத்தைப் பழைய உயரத்தால் பெருக்கி, பழைய அகலத்தால் வகுத்தால் புதிய உயரம் கிடைக்கும். 5000 × 4000 படத்தை 1600 அகலமாக்கினால் 1600 × 4000 ÷ 5000 = 1280. சில சமயம் பின்னத்தில் வரும். 4000 × 3000 படத்தை 1366 அகலமாக்கினால் உயரம் 1024.5, மென்பொருள் அதை முழு எண்ணாக்கிவிடும். அரைப் பிக்சல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கவலை வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது 1600 × 1200, பெட்டியில் வருவது 1600 × 1280 என்றால்? இங்கேதான் கை தானாகச் சங்கிலியைக் கழற்றப் போகும். அந்தக் கையை நிறுத்துங்கள். இரண்டாவது எண் பொருந்தவில்லை என்றால் வெட்டிய விகிதம் தப்பு என்று பொருள். பெட்டியை மூடுங்கள், 4ஆம் படிக்குத் திரும்பி 4:3 ஆக வெட்டிவிட்டு வாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் நசுங்கிய முகம் என்ற பிரச்சினை உங்கள் படங்களில் வரவே வராது.

வெட்டுவதற்கு முன்பே ஏன் சுருக்கக் கூடாது என்று கேட்கலாம். 6000 அகலத்தை 1600 ஆக்கிவிட்டு அதில் பாதியை வெட்டினால் 800தான் மிஞ்சும். 1600 வேண்டுமென்று மறுபடி பெரிதாக்கினால் மங்கும். முதலில் பாதியை வெட்டியிருந்தால் 3000 கையில் இருந்திருக்கும், அதிலிருந்து 1600க்குச் சுருக்கினால் படம் பளிச்சென்று இருக்கும்.

பெரிதாக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 600 பிக்சல் அகலத்தை 2400 ஆக்கும்போது அகலமும் உயரமும் நான்கு மடங்கு, மொத்தப் பிக்சல்கள் பதினாறு மடங்கு. பதினாறில் பதினைந்து பங்கு, மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்பியது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் நம்பும்படி நிரப்புகின்றன, ஆனால் அதுவும் ஊகம்தான். அடையாள அட்டைப் படத்துக்கு அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். அது உங்கள் முகமாக இல்லாமல் போகலாம்.

எந்த முறையில் கணக்கிட வேண்டும் என்று மென்பொருள் கேட்டால், சாதாரணப் படங்களுக்கு ‘க்யூபிக்’ போதும். கியூஆர் குறியீடு, பிக்சல் ஓவியம் போன்ற கட்டம் கட்டமான படங்களுக்கு மட்டும் ‘நியரஸ்ட் நெய்பர்’ வகை; ஜிம்ப்பில் அதற்கு ‘நன்’ என்று பெயர்.

ஒரே படம் மூன்று அளவுகளில் வேண்டுமென்றால், மூன்றையும் வெட்டிய பெரிய படத்திலிருந்தே தனித்தனியாக எடுங்கள். 1600இலிருந்து 800, அதிலிருந்து 400 என்று படிக்கட்டு இறங்கினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் விவரம் தேயும்.

7. அச்சுக்கா, திரைக்கா?

டிபிஐ என்பது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண். திரைக்குப் போகும் படத்தில் அதற்கு வேலையே இல்லை. 72 என்றாலும் 300 என்றாலும் 1600 பிக்சல் 1600 பிக்சல்தான்.

அச்சில் கணக்கு எளிது: அங்குலத்தை 300ஆல் பெருக்குங்கள். 4 × 6 அங்குலத்துக்கு 1200 × 1800. 8 × 10க்கு 2400 × 3000. ஏ4க்கு 2480 × 3508. அடையாளப் படங்களுக்குப் பல இடங்களில் கேட்கும் 35 × 45 மில்லிமீட்டர் என்றால் 413 × 531. தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய அச்சுக்கு 150 இருந்தாலும் நன்றாகவே வரும்.

‘300 டிபிஐ படம் வேண்டும்’ என்று கேட்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் ‘இமேஜ் சைஸ்’ பெட்டியில், பிக்சல்களைக் கூட்டிக் குறைக்கும் ‘ரீசாம்பிள்’ டிக் ஆகியிருக்கும்போது 72ஐ 300 ஆக்கினால் 1000 பிக்சல் 4167 ஆகப் பெருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு மாற்றினால் பிக்சல் அப்படியே இருக்கும், குறிப்பு மட்டும் மாறும். ஜிம்ப்பில் இதற்கென்றே ‘பிரின்ட் சைஸ்’ என்று தனிப் பெட்டி இருக்கிறது.

8. கூர்மையாக்கிச் சேமியுங்கள்

சுருக்கும்போது படம் லேசாக மென்மையாகும். அதனால் கூர்மையாக்குவது கடைசியில்தான். முன்பே செய்தால் அந்த உழைப்பு சுருக்கத்தில் கரைந்துபோகும். படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது, குறையுங்கள்.

ஜேபெக் முறை படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து விவரங்களைக் கழிக்கிறது. திருத்தித் திருத்தி மறுபடி சேமிக்கும்போது அந்த இழப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே ஜேபெக் ஆக்குவது ஒரே ஒரு முறை, எல்லாம் முடிந்த பிறகு. ஜிம்ப்பில் ‘சேவ்’ என்றால் அதன் சொந்த வடிவில்தான் சேமிக்கும்; ஜேபெக் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’. தரம் 85 முதல் 90 வரை வைத்தால் பெரும்பாலான படங்களுக்குப் போதும். எழுத்துகள் நிறைந்த படம் என்றால் பிஎன்ஜி நல்லது.

கேபி வரம்பு இருக்கும்போது, பிக்சல் அளவையும் அவர்களே சொல்லியிருந்தால் அதைத் தொடாமல் தரத்தை மட்டும் குறையுங்கள். சொல்லாவிட்டால் முதலில் பிக்சலைக் குறையுங்கள். அகலத்தைப் பாதியாக்கினால் மொத்தப் பிக்சல் கால்வாசியாகும், கோப்பும் நன்றாகவே சுருங்கும். 4000 பிக்சல் அகலத்தை வைத்துக்கொண்டு தரத்தை 10க்கு இறக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும்.

9. வெட்டிய பகுதி உண்மையிலேயே போய்விட்டதா?

படத்தின் ஓரத்தில் இருந்த முகவரியையோ இன்னொருவரின் முகத்தையோ மறைக்க வெட்டியிருந்தால், இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். வேர்ட் போன்ற ஆவண மென்பொருள்களில் படத்தை வெட்டினால் அது மறைகிறது, அழிவதில்லை; கோப்பைப் பெறுபவர் அதை மறுபடி திறந்துவிடலாம். ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’ பகுதியில் வெட்டிய இடங்களை நீக்கச் சொன்னால்தான் போகும். ஃபோட்டோஷாப்பில் ‘டிலீட் க்ராப்டு பிக்சல்ஸ்’ டிக் இல்லாவிட்டால், அதன் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்பிலும் இதே கதைதான்.

2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் கருவியில் ஒரு குறை வெளிச்சத்துக்கு வந்தது. வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியபோது, பழைய தகவலின் வால்பகுதி கோப்பிலேயே தங்கிவிட்டது. வெட்டிய பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. விண்டோஸின் ஸ்னிப்பிங் கருவியிலும் இதே குறை இருந்தது. திருத்தங்கள் வந்துவிட்டன. இருந்தாலும், மறைக்க வேண்டிய படத்தை எப்போதும் புதிய பெயரில் புதிய கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, அதைத்தான் அனுப்புகிறேன். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் தகவலும் கோப்புக்குள் இருக்கலாம். வெட்டுவதால் அது போகாது, எக்ஸ்போர்ட் செய்யும்போது தனியாக நீக்க வேண்டும்.

10. சரிபார்ப்பு

படத்தில் வட்டமான எதையாவது தேடுங்கள்: கடிகாரம், சக்கரம், சட்டைப் பொத்தான், கண்ணின் கருவிழி. வட்டம் வட்டமாக இருந்தால் படம் நசுங்கவில்லை. சாய்வாகப் பார்த்து எடுத்த சக்கரம் மூலப்படத்திலேயே நீள்வட்டமாகத்தான் இருக்கும், அதனால் மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வட்டமே இல்லையென்றால் எண்களைப் பாருங்கள். வெட்டிய படம் 5000 × 4000, முடிவு 1600 × 1280 என்றால், 5000 ÷ 1600 = 3.125, 4000 ÷ 1280 = 3.125. இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி.

கோப்பு சரியாக இருந்தும் ஆவணத்திலோ ஸ்லைடிலோ முகம் அகன்று தெரிந்தால், அங்கே யாரோ படத்தின் பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ‘ரீசெட்’ கொடுத்துவிட்டு மூலையில் உள்ள கைப்பிடியைப் பிடித்து இழுங்கள். சில மென்பொருள்களில் கூடவே ஷிஃப்ட் விசையையும் அழுத்திக்கொள்ள வேண்டும். இணையப் பக்கத்தில் மட்டும் நசுங்கித் தெரிந்தால், அந்தப் பக்கம் தன் சட்டத்துக்குள் படத்தைத் திணிக்கிறது. அந்தச் சட்டத்தின் விகிதத்தைக் கேட்டு வாங்கி, 4ஆம் படியிலிருந்து அதற்கேற்ற தனிப் படம் ஒன்றை வெட்டிக் கொடுங்கள்.